மூணு மணி வெயில்

மணி மூன்றைத் தாண்டியிருக்கும். இறுதிச் சுற்று முடிய இன்னும் நாலு நிமிடம் இருந்தது.

நான் சர்ஃபிங் போர்டின் மேல் கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சிவப்பு பனியன். இடப்பக்கம் முப்பதடி தள்ளி நீல பனியனில் அருள். சென்னைப் பக்கத்துக்காரன், என்னைவிட ஏழு வயது சின்னவன். கரையில் நடுவர் மேடை, ஷாமியானா, ஒலிபெருக்கி, அதைச் சுற்றி எங்கள் குப்பத்து ஜனம் மொத்தமும். வெயில் முதுகில் சுட்டது. என் நிழலும் போர்டின் நிழலும் எனக்கு முன்னால் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன.

வாயெல்லாம் உப்பு. நாலு நாளாகப் போர்டில் உரசி உரசி விலா இரண்டு பக்கமும் புண்ணாகிவிட்டது.

தொடரை இடையில் படிக்க வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சுற்றில் எத்தனை அலையில் வேண்டுமானாலும் ஏறலாம். அதில் நல்லதாக இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மதிப்பெண் போடுவார்கள். அன்றைக்கு அருள் முன்னால் இருந்தான். எனக்கு ஒரே ஒரு நல்ல அலை வேண்டும். அடுத்து வரும் அலைக்கு முதல் உரிமை என் கையில் இருந்தது. நான் வேண்டாம் என்று விட்டால்தான் அவன் தொட முடியும்.

ஜெயிப்பவன் இந்திய அணியில் வெளிநாடு போவான். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஓர் இடம்தான். எனக்கு அப்போது வயது இருபத்தொன்பது. எங்கள் தொழிலில் அது கிட்டத்தட்டக் கிழவன்.

காலையில் நடக்க வேண்டிய சுற்று அது. காலையில் கடல் குளம் மாதிரி படுத்துக் கிடந்ததால் மதியத்துக்குத் தள்ளிவிட்டார்கள். மதியத்துக்கு மேல் அலை எழும்பியது. கரையிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றும் நிற்காமல் அடித்து அலையின் முகத்தை வழவழவென்று தேய்த்துக் கொடுத்தது. வருடத்தில் நாலைந்து நாள்தான் எங்கள் கடல் அப்படி இருக்கும்.

தூரத்தில் மூன்று கறுப்புக் கோடுகள் எழுந்தன. முதல் கோட்டைப் பார்த்ததும் போர்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதுதான் என் அலை.

அப்போதுதான் வலப்பக்கம் தெற்கே பார்த்தேன். அலை உடையும் இடத்துக்கு அப்பால் ஒரு ஃபைபர் படகு. இன்ஜின் சத்தம் இல்லை. நின்ற இடத்திலேயே மூக்கை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒருவர் எழுந்து நின்று துடுப்பை நிமிர்த்தினார். துடுப்பின் நுனியில் நீலக் கட்டம் போட்ட லுங்கி.

துணி ஏறிவிட்டது. நான் பார்த்தேன். இந்த இரண்டு வார்த்தையை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

துணி ஏறினால்

மரக்காணம் பக்கம் எங்கள் குப்பத்துக்குத் துறைமுகம் கிடையாது. படகு போவதும் வருவதும் அலையைத் தாண்டித்தான். இன்ஜின் ஓடினால் ஒன்றுமில்லை, அலைக்கு முன்னால் ஓடிவந்து மணலில் ஏறிவிடலாம். இன்ஜின் நின்றுவிட்டால் கதை வேறு. அலை பின்னாலிருந்து தள்ளும், படகு பக்கவாட்டில் திரும்பும், அடுத்த அலை அதைப் புரட்டிப் போடும். அதற்குள் மாட்டிக்கொண்டவன் பிழைத்தால் அம்மன் புண்ணியம்.

அதனால் அலைக்கு வெளியிலேயே நின்று துடுப்பில் துணியைக் கட்டித் தூக்குவார்கள். அதைப் பார்த்ததும் இரண்டு பேர் நீந்திப் போய்ப் படகின் பின்பக்கத்தைப் பிடித்துத் தொங்க வேண்டும். அந்தப் பாரத்தில் மூக்கு கரையைப் பார்த்தபடியே இருக்கும். படகு நேராக வந்து சேரும்.

யார் போவது? கரையில் இருப்பவன் ஓடிவந்து நீந்துவதற்குள் நேரமாகிவிடும். ஆகவே தண்ணீரில் இருப்பவன் முதலில் போக வேண்டும். இதுதான் எங்கள் ஊர் வழக்கம். பங்காளிச் சண்டை, கட்சிச் சண்டை எதுவும் செல்லாது. பதினோரு வருடம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே படகில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கிக்கொண்டு வந்ததை நானே பார்த்திருக்கிறேன். கரைக்கு வந்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். அதற்குப் பிறகும் பேசவில்லை.

துணியைப் பார்த்தும் போகாதவனுக்குப் பஞ்சாயத்து ஒரே தண்டனைதான் வைத்திருக்கிறது. ஒரு வருடம் கடலில் கால் நனைக்கக் கூடாது. மீனவனுக்கு அது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் கொடுத்த வாக்கு

போட்டியை எங்கள் கரைக்குக் கொண்டு வந்தவனே நான்தான். எல்லாரும் எங்கெங்கோ நடத்துகிறார்கள், நம் கடலுக்கு என்ன குறைச்சல் என்று ஆறு மாதம் நடையாய் நடந்தேன். கடைசியில் ஊர் அனுமதி வேண்டுமென்றார்கள். பஞ்சாயத்தில் போய் நின்றேன். தலைவர் வேதாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"ஏம்பா முரளி, வெளியூர் ஆளுங்க வந்து கடலை வளைச்சிப் போட்டுக்கினா நம்ம படகு எங்க போவும்?"

"தொறைப் பக்கம் யாரும் வர மாட்டாங்க தலைவரே. நான் பொறுப்பு."

"போட்டி நடக்கும்போது துணி ஏறுச்சின்னா?"

"போட்டியாவது கீட்டியாவது. நானே மொதல்ல போவேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து தேசிங்கு மாமா எழுந்தார். என் அக்கா வள்ளியின் புருஷன். கறுத்து, குட்டையாக, தோள் மட்டும் இரண்டு ஆள் அகலத்துக்கு இருப்பார்.

"அவன் போவான் தலைவரே. என் மச்சான். அவனுக்கு நான் கேரண்டி."

இப்படி ஒரு மனுஷன் ஊர் முன்னால் எழுந்து நின்று நமக்காக வாக்குக் கொடுப்பது வாழ்க்கையில் எத்தனை முறை நடக்கும்? எனக்கு அந்த ஒரு முறைதான்.

முதுகு காட்டாதே

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. போகாவிட்டால் நான் செய்த காரியத்தின் முழு கேவலமும் உங்களுக்குப் புரியாது.

எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு நடை வந்ததும் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம், கடலுக்கு முதுகு காட்டாதே. அலை வந்தால் அதைப் பார்த்து நில், அல்லது அதன் அடியில் முங்கு. திரும்பி நின்றாயானால் அடித்துப் போட்டுவிடும். என் அப்பா கரையில் உட்கார்ந்து பீடி பிடிக்கும்போதுகூடக் கடலைப் பார்த்துத்தான் உட்காருவார்.

சர்ஃபிங் அதற்கு நேர்மாறு. அலையில் ஏற வேண்டுமானால் அதற்கு முதுகைக் காட்டித்தான் ஆக வேண்டும். பின்னால் வீட்டுச் சுவர் மாதிரி ஒன்று எழும்பி வரும். நீ கரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டு கையால் தண்ணீரைத் தள்ள வேண்டும்.

பத்தொன்பது வயதில் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட்ஹவுஸில் ரூம் பாயாக இருந்தேன். ஆரோவிலுக்கு வந்து தங்கிய ஒரு வெள்ளைக்காரர் இரண்டாக உடைந்த போர்டு ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஓனர் குப்பையில் போடச் சொன்னார். நான் அதை சைக்கிளில் கட்டிக்கொண்டு கூனிமேடு காதர் பாயிடம் போனேன். அவர் ஃபைபர் படகுக்கு ஓட்டை அடைக்கிறவர். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னா, கதவா?"

"அலையில நிக்கிற பலகை பாய்."

"நின்னு?"

"நின்னு கரைக்கு வர்றது."

"அப்புறம்?"

"அப்புறம் திரும்பிப் போறது."

"யா அல்லா" என்றார். ஆனாலும் படகுக்குப் போடுகிற அதே கண்ணாடி இழையும் பசையும் போட்டு ஒட்டிக் கொடுத்தார். போர்டு இரண்டு மடங்கு எடையாகிவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு போனால் ஊர் நாய்கூடக் குரைக்கும். இன்றைக்கு என்னைப் பத்திரிகைகளில் அலைகளின் அரசன் அது இது என்று எழுதுகிறார்கள். அரசன் முதல் மூன்று மாதம் எழுந்தே நிற்கவில்லை. அலை பக்கத்தில் வந்ததும் கழுத்து தானாகத் திரும்பிவிடும். முதுகு காட்ட உடம்பு ஒத்துக்கொள்ளாது.

ஒருநாள் திரும்பிப் பார்க்காமல் இருந்தேன். அவ்வளவுதான், போர்டு ஓடியது. அன்றைக்குக் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இருபது வருடமாகச் சோறு தின்கிறேன். பின்னால் என்ன வந்தாலும் திரும்பிப் பார்க்காமல் இருக்கத் தெரிய வேண்டும். என் திறமை என்று நீங்கள் கை தட்டுவதெல்லாம் அதற்குத்தான்.

ஒரே ஓர் அலை

படகு என்னிடமிருந்து ஒரு கல்லெறி தூரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும். போர்டில் படுத்துக் கையைப் போட்டால் ஒன்றரை நிமிடம். துடுப்பைத் தூக்கிப் பிடித்தவரின் தோளைப் பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது. அந்த அகலத் தோள் ஊரில் வேறு யாருக்கும் இல்லை.

இதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தேசிங்கு மாமா என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

கரையில் எல்லாரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் மூன்று நிமிடம் என்று சொன்னார்கள். முதல் கோடு அலையாக எழும்பத் தொடங்கியது. அருள் என்னையே பார்த்தான். நான் விட்டால் அவன் ஏறுவான். அவனுக்குத் துணியும் தெரியாது, வழக்கமும் தெரியாது. அவன் மேல் குற்றம் இல்லை.

மனம் என்ன சொல்லியது தெரியுமா? போகாதே என்று சொல்லவில்லை. அது அவ்வளவு முட்டாள் இல்லை. இந்த ஓர் அலை, பதினைந்து விநாடி, முடித்துவிட்டு நேராகப் போய்விடலாம் என்றது. படகு எப்படியும் வெளியே நிற்கத்தானே போகிறது, நங்கூரம் இருக்கும் என்றது. கரையிலிருந்து வேறு யாராவது கிளம்பியிருப்பார்கள் என்றது. நியாயம் கேட்கிறவனுக்கு மனசு ஒரு வக்கீல் கூட்டத்தையே அனுப்பி வைக்கும்.

நான் திரும்பினேன். அலைக்கு முதுகு காட்டினேன். துணிக்கும் முதுகு காட்டினேன்.

நாலு தள்ளு. ஐந்தாவது தள்ளில் போர்டு இழுத்துக்கொண்டது. எழுந்தேன். நான் ஏறிய அலைகளிலேயே அதுதான் சிறந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை. கண்ணாடி மாதிரி ஒரு சுவர், மூன்று தடவை மேலே போய் வெட்டித் திரும்பினேன், கடைசி வெட்டில் தண்ணீர் ஆள் உயரத்துக்குத் தெறித்தது. முழங்கால் ஆழத்தில் இறங்கினேன். கரையில் பெரிய கூச்சல். கையைத் தூக்கிக் காட்டினேன்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை.

கூச்சல் எனக்கானது இல்லை. எல்லாரும் தெற்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். வள்ளி அக்கா தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள். நான் தூக்கிய கையை இறக்காமல் திரும்பிப் பார்த்தேன். படகின் அடிப்பாகம் மேலே தெரிந்தது. வெள்ளையாக, வயிற்றைக் காட்டிச் செத்து மிதக்கிற மீன் மாதிரி.

நங்கூரக் கயிறு முன்பே அறுந்துபோயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. கடல் படகைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. யாரும் வராததால், படகைத் திரும்பவிடாமல் பிடிக்க மாமா தானே பின்பக்கம் குதித்துத் தொங்கியிருக்கிறார். கூட இருந்த ஏழுமலை துடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு ஆள் பாரம் போதாது. இரண்டாவது அலை புரட்டியது. ஏழுமலை தூரப் போய் விழுந்து தப்பித்தார். படகின் விளிம்பு மாமாவின் இடுப்பில் இறங்கியது.

நான் ஓடிப்போய் முதல் ஆளாக அவரைத் தூக்கினேன். அந்த ஃபோட்டோதான் மறுநாள் எல்லா இடத்திலும் வந்தது. வெற்றிக் கோப்பையை விட்டுவிட்டு உறவினரைக் காப்பாற்ற ஓடிய வீரர் என்று.

நான் போயிருந்தால் படகு கவிழ்ந்திருக்காது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மாமா குதித்திருக்க வேண்டியதில்லை. அதை மட்டும் சத்தியம் செய்வேன்.

பஞ்சாயத்து

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஆறு வாரம். உயிருக்கு ஒன்றுமில்லை. இடது கால் மட்டும் இனி அவர் சொன்னபடி கேட்காது. ஆடுகிற படகில் நிற்க அந்தக் கால் உதவாது என்று டாக்டர் சொன்னபோது மாமா கேட்டார், "உக்காந்துக்கினு போலாமா?"

அவர் வீட்டுக்கு வந்த வாரமே பஞ்சாயத்து கூடியது. அம்மன் கோயிலுக்கு எதிரே வலைக் கொட்டகையில் இருபது பேர். மாமாவை ஆட்டோவில் கொண்டுவந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். போட்டியில் ஜெயித்தது நான்தான், அடுத்த மாதம் வெளிநாடு போக வேண்டும். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்துவிட்டது. ஒரு வருடம் கடல் தொடாதே என்று சொன்னால் எல்லாம் போச்சு. இருபத்தொன்பது வயதில் ஒரு வருடம் விட்டவன் திரும்பி வர முடியாது.

வேதாசலம் சுற்றி வளைக்கவில்லை.

"முரளி, துணி ஏறுனத நீ பாத்தியாப்பா?"

வாயைத் திறந்தேன். பார்க்கவில்லை என்ற பொய்யும் வரவில்லை, பார்த்தேன் என்ற உண்மையும் வரவில்லை. வலையில் ஒட்டிக் காய்ந்திருந்த நண்டின் வாடை மட்டும் மூக்கில் ஏறியது.

"அவன் எப்டிப் பாப்பான் தலைவரே?" என்றார் மாமா நாற்காலியிலிருந்து. "வெயிலு நேரா அவன் கண்ணுல அடிச்சிக்கினு இருந்துச்சி."

யாரோ இருமினார்கள். வேதாசலம் தன் கால் கட்டைவிரலையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயிலா?"

"வெயிலுதான்."

"சரி. வெயிலுக்கு இன்னா தண்டன குடுக்க முடியும். எழுந்திரிங்க."

அவ்வளவுதான். துண்டை உதறிக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தப்பித்தேன் என்று எனக்கு மூச்சு வந்தது. மாமா நிஜமாகவே அப்படி நினைக்கிறார் போலிருக்கிறது, ஊரும் நம்பிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். கிடைத்த பொய்யை யாராவது திருப்பிப் போட்டு ஆராய்வார்களா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட சந்தோஷத்தில் நானும் அதையே சொல்லத் தொடங்கினேன். டிவியில் கேட்டாலும் வெயில், பத்திரிகையில் கேட்டாலும் வெயில். சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்தில் எனக்கே கண் கூசியது.

வெளிநாட்டுக் கடலில் முதல் சுற்றிலேயே தோற்றேன். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது என்று காரணம் சொன்னேன். அலை வந்தபோது என் கழுத்து திரும்பிவிட்டது என்பதுதான் காரணம். தெற்கே பார்த்தேன். அங்கே படகு எதுவும் இல்லை.

உப்பளத்தில்

மாமா இப்போது உப்பளத்தில் மோட்டார் பார்க்கிறார். உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திக்கு விடுகிற வேலை. ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஸ்டூல், சாய்த்து வைத்த ஊன்றுகோல். அங்கிருந்து பார்த்தால் கிழக்கே சவுக்குத் தோப்பு தெரியும். அதற்குப் பின்னால் கடல் இருக்கிறது, சத்தம் கேட்கும், தெரியாது.

இந்தத் தொடரை அக்காதான் அவருக்கு வாராவாரம் படித்துக் காட்டுகிறாள். தொடரில் போட்டி நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போய்விட்டது. வெயில் என்று எழுதிவிட்டுத் தாண்டிவிடலாம். அப்படி எழுதியும் பார்த்தேன். நாலு முறை கிழித்துப் போட்டேன். உண்மையை எழுதினால், அதை அக்காவின் வாயால் அவர் கேட்க வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிடுவது என்று சென்ற வாரம் ஒரு மதியம் பைக்கை எடுத்தேன். வரப்பில் நடக்கும்போது கால் இரண்டு தரம் சறுக்கியது. பாத்தியெல்லாம் உப்பு பூத்து வெளேரென்று கிடந்தது. பெண்கள் வாரிக் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"இன்னா மச்சான், இந்த வேகாத வெயில்ல?"

"அந்த நாளத்தான் மாமா அடுத்து எழுதணும்."

"எழுது."

"உண்மைய எழுதணும்."

மோட்டார் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். பத்து வருடமாக முணுமுணுக்கக்கூட முடியாததைக் கத்திச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"துணி ஏறுனத நான் பாத்தேன் மாமா! நீங்கன்னும் தெரியும்! பாத்துட்டுதான் அலையில ஏறுனேன்!"

அவர் எட்டி மோட்டாரை நிறுத்தினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"மணி இன்னாடா?"

"மூணேகால்."

"அப்டி திரும்பி நில்லு. கடல் பக்கமா."

திரும்பி நின்றேன்.

"உன் நெழலு எங்க விழுது?"

எனக்கு முன்னால் விழுந்திருந்தது. வெள்ளை உப்பின் மேல் கன்னங்கரேலென்று, கடலைப் பார்த்து நீண்டு. பிடரியில் வெயில் சுட்டது. கண்ணில் ஒரு துளி வெயில் இல்லை.

மேற்கே இருக்கிற சூரியன் கிழக்கே பார்க்கிறவன் கண்ணில் எப்படி அடிக்கும்? எங்கள் கரையில் மூணு மணிக்கு அது நடக்காது என்று கைக்குழந்தைக்குத் தெரியும்.

"அன்னிக்கு உக்காந்திருந்தாங்களே இருவது பேரு, அத்தினி பேரும் பொறந்ததுலேர்ந்து இந்தக் கடல்ல கெடக்கறவங்க" என்றார் மாமா. "அவங்களுக்கு மூணு மணிக்கு வெயிலு எந்தப் பக்கம்னு தெரியாதா?"

"தெரிஞ்சேவா விட்டாங்க?"

"தெரிஞ்சுதான்."

"அக்காவுக்கு?"

"அவளுக்குத் தெரியாம நான் இன்னா சொல்லியிருக்கேன் இதுவரைக்கும்? நீ திரும்புனத நான் பாத்தேன்டா. மொகத்துக்கு மொகம் பாத்துட்டுத் திரும்புன."

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பூசணிக்காயை நான் மறைக்கவே இல்லை. ஊரே சேர்ந்து அதன் மேல் சோற்றைப் போட்டு மூடியிருக்கிறது.

"கோவம் வரலியா மாமா?"

"வராம? ஒரு வருசம் உன் மூஞ்சியப் பாத்தாலே இந்தக் கால் வலிக்கும்."

"அப்புறம் ஏன் அப்டிச் சொன்னீங்க?"

அவர் ஊன்றுகோலை எடுத்து வரப்பில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டினார். "உன்னக் கடல்ல எறங்காதன்னு சொல்லியிருப்பாங்க. நீ தாங்கியிருக்க மாட்ட. எனக்குக் கடல் போச்சு. ஒரு வீட்ல ஒருத்தனுக்குப் போனா போதாதா?"

நான் அழுதேன். முப்பத்தொன்பது வயது ஆம்பளை, உப்பளத்தில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து காலை இழுத்துக்கொண்டு போய் மோட்டார் சுவிட்சில் கையை வைத்தார்.

"எழுது" என்றார். "வெயிலு கண்ணுல அடிச்சிதுன்னு மட்டும் எழுதிடாத. ஊரே சிரிக்கும்."